காகிதம் வராத பிரிண்ட்

"நகைக் கடன் இங்கே கொடுக்கிறதில்லைங்க," என்றான் கிஷோர், கதவு முழுசாகத் திறப்பதற்கு முன்பே.

வந்தவர் வாசற்படியிலேயே நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் குடை. "நான் கடன் கேட்டு வரல தம்பி. திருடனைக் கேட்டு வந்திருக்கேன்."

"அப்போ சரியான மாடிதான். உள்ளே வாங்க."

மல்லேஸ்வரத்தில் காபிப்பொடிக் கடைக்கு மேலே 'தனலக்ஷ்மி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிய நாள் முதலாய் இந்தக் குழப்பம்தான். போர்டின் பின்பாதியை மாமரம் மறைத்துவிட்டது. தெருவிலிருந்து பார்த்தால் 'தனலக்ஷ்மி' மட்டும் தெரியும். ஜனங்கள் வளையலைக் கழற்றிக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள்.

"அந்தக் கிளையை வெட்டிடலாம் மேடம்," என்று கிஷோர் வருஷா வருஷம் சொல்வான்.

"மாங்காய் உங்க மாமனாரா தருவார்?" என்று தனலக்ஷ்மி வருஷா வருஷம் கேட்பாள்.

ஐம்பதைக் கடந்தவள் தனலக்ஷ்மி. முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலை. காணாமல் போன கார் ஒன்றைச் சொந்தக்காரரின் மாமியார் வீட்டுக் கொட்டகையில் கண்டுபிடித்த அன்றே, தனியாகக் கடை போடலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கிஷோர் அவளுக்கு உதவியாளன், டிரைவர், காபி வாங்கி வருகிறவன். வாயை மூடச் சொன்னால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது.

"உட்காருங்க. என்ன திருடு போச்சு?"

"பாட்டு."

"ரேடியோவா சார்?" என்றான் கிஷோர்.

"பாட்டுப்பா! நான் போட்ட பாட்டு." அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டார். "என் பேர் சவரிமுத்து. பிரேசர் டவுன்ல புனித மோனிக்கா ஆலயம் கீதே, அங்க பாடகர் குழு மாஸ்டர். பொறந்தது கோலார் தங்கவயல். இந்தக் கிறிஸ்துமஸுக்குன்னு ஒரு பாட்டு போட்டேன்ம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை கரோல் போட்டி. இதுவரைக்கும் யார் காதுலயும் விழாத பாட்டு."

"விழுந்துடுச்சு."

"விழுந்துடுச்சு. எங்க வயல்ல ஷிப்டுக்குச் சங்கு ஊதுவாங்க, கேட்டிருக்கியா? இடையருங்க வானதூதர் சொன்னதைக் கேட்டுக் கிளம்புற இடத்துல, கீழ்க்குரல்காரங்க எல்லாரும் அந்தச் சங்கு மாதிரியே 'ஊ…' ன்னு ஏத்துவாங்க. சுரங்கத்துக்குப் போறவனும் இடையனும் ஒரே நேரத்துலதானே கிளம்புறான், விடியறதுக்கு முன்னாடி? உலகத்துல எவனுக்கும் இது தோணாது. நேத்து பாரு, வாட்ஸப்புல இது வருது."

போனை நீட்டினார். ஒரு சின்ன ஹால். பத்துப் பதினைந்து பேர், கையில் டேப்லெட்டுகளோடு நின்று பாடினார்கள். இடையர்கள் கிளம்பினார்கள். 'ஊ…' என்று சங்கு எழும்பியது. கிஷோருக்குப் புல்லரித்தது. அதை வெளியே காட்டாமல் கையைத் தேய்த்துக்கொண்டான்.

"பொம்மனஹள்ளி, புனித தெக்லா ஆலயம்," என்றார் சவரிமுத்து. "சங்கை இன்னும் கொஞ்சம் நீட்டணும்னு திங்கக்கிழமைதான் திருத்தினேன். அதையும் நீட்டிப் பாடுறானுங்க! கீழ எழுதியிருக்கிறதைப் படி."

தனலக்ஷ்மி படித்தாள். "'எப்படி இருக்கு? தப்பு இருந்தா திருத்துங்க.'"

"திமிரைப் பாரு!"

"யாரை சந்தேகப்படுறீங்க?"

"சந்தேகமே இல்ல. எங்க தமயந்திதான். நான் கையால எழுதுறதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறவ அவதான். தங்கியிருக்கிறதும் பொம்மனஹள்ளி. இன்னிக்குச் சாயங்காலம் ரிகர்சல்ல எல்லார் முன்னாடியும் சொல்லி அவளை அனுப்பிடப் போறேன். அதுக்குள்ள ஒரு ஆதாரம் மட்டும் பிடிச்சுக் கொடும்மா."

"ஆதாரம் வேற பக்கம் கையைக் காட்டினா?"

"காட்டாது."

"உங்க கையில இருந்து பாட்டு வெளிய போயிருக்காதே?"

"என் கையிலயா? அந்தக் கம்ப்யூட்டர்ல தினம் காலையில நான் தனியா உக்காந்து திருத்துவேன். திருத்தினதும் பத்திரமா நோயல்ல போட்டு வச்சிடுவேன். ஒரு துண்டுக் காகிதம் வெளிய வந்ததில்ல."

"நோயல்னா?" கிஷோர் கேட்டான்.

"கிறிஸ்துமஸ்ப்பா. பிரெஞ்சுக்காரன் வச்ச பேரு. கரோல்ல எல்லாம் வருமே."

"அந்தத் தெக்லா குழுவை நடத்துறது யாரு?" என்றாள் தனலக்ஷ்மி.

சவரிமுத்து குடையின் பிடியைத் திருகினார். "என் தங்கச்சி மவன். அந்த வீடியோவை அனுப்பினதும் அவன்தான்."

"பேரு?"

"அந்தப் பேரை இந்த வாயால சொல்றதில்லன்னு ஈஸ்டர் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். கேக்காதே."

தனலக்ஷ்மி கேட்கவில்லை. வீடியோவை மறுபடி ஓடவிட்டு ஒரு இடத்தில் நிறுத்தினாள். முன்வரிசையில் ஒருவன் பிடித்திருந்த டேப்லெட் கொஞ்சம் கேமரா பக்கம் சாய்ந்திருந்தது. விரலால் பெரிதாக்கினாள்.

"கிஷோர், நீ ஒரு பக்கத்தைத் திருட்டுத்தனமா போனில் படம் எடுத்தா எப்படி விழும்?"

"கோணலா விழும். மூலையில என் கட்டைவிரல் நிழல் விழும். டேபிள்ல இருக்கிற காபி டம்ளரும் பாதி விழும்."

"இதில் டம்ளர் இருக்கா?"

"இல்ல. நாலு பக்கமும் வெள்ளை ஓரம் விட்டு, ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கு."

"யாரும் எட்டிப் பார்த்துப் படம் பிடிக்கல. பாட்டு முறையா பிரிண்ட் ஆகி வெளியே வந்திருக்கு."

"எப்படி ஆகும்?" சவரிமுத்து எழுந்தே விட்டார். "எங்க பிரிண்டர் செத்துப்போய் ஒரு வருஷம் ஆச்சே!"

"மேடம், பேய்க் கேஸ்," என்றான் கிஷோர். "அதுக்குத் தனி ரேட் வச்சுக்கலாம்."

* * *

செத்த பிரிண்டர் பிரேசர் டவுன் பாடல் அறையில் மூலையில் இருந்தது. தலையில் பூச்சாடி.

"நல்லா செட்டில் ஆயிடுச்சு," என்றான் கிஷோர்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. இருபத்தைந்து இருக்கும். ஜடை இறுக்கமாக இருந்தது, முகம் அதைவிட. "நீங்கதான் டிடெக்டிவா? மாஸ்டர் போன்ல சொன்னாரு. என்னைப் பிடிக்கத்தான் வர்றீங்கன்னும் சொன்னாரு. நேர்மையான மனுஷன்."

"நீதான் தமயந்தியா?"

"ஆமா மேடம். ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி ஆபீஸ்ல வேலை. பொம்மனஹள்ளில ஹாஸ்டல். பொம்மனஹள்ளில பாதி பெங்களூரு குடியிருக்கு, அத்தனை பேரும் பாட்டுத் திருடங்களா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"மாஸ்டர் சொல்றாரே. ஞாயித்துக்கிழமை எங்கம்மா தங்கவயல் மாரிக்குப்பத்துல இருந்து ரயில்ல வர்றாங்க. நான் தனிக்குரல்ல பாடுறதைக் கேக்கறதுக்கு. எங்க லைன் வீட்டுக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்? 'அம்மா, உன் பொண்ணு திருடி, வந்த ரயில்லயே திரும்பிப் போ'ன்னா?" அவள் கண்ணைத் துடைக்கவில்லை. விசைப்பலகையைத்தான் துடைத்தாள், அதில் தூசி எதுவும் இல்லாவிட்டாலும்.

தனலக்ஷ்மி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "பிரிண்டர் இல்லாம எல்லாரும் எப்படிம்மா பாடுறீங்க?"

"டேப்லெட்ல."

"டேப்லெட்னா சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றான் கிஷோர்.

இந்தத் தடவை அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "இங்க பாருங்க மேடம். பாட்டைத் திறந்து 'பிரிண்ட்' அழுத்தினா, எந்த பிரிண்டர்னு கேக்கும். இந்த லிஸ்ட்ல காட்டுறது எதுவும் நிஜ பிரிண்டர் கிடையாது. வெறும் சாஃப்ட்வேர். ஆனா பிரிண்டர் இருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பிக்கிட்டு இருக்கு."

"பாவம்."

"அது நம்பி அனுப்புற பக்கம் காகிதத்துல விழாது. நேரா டேப்லெட்ல போய் விழும். அச்சடிச்ச பக்கம் மாதிரியே, ஓரம் விட்டு."

"அந்த டேப்லெட் இந்த ரூம்லயே இருக்கணுமா?"

"வேண்டாம். ரெண்டு பக்கமும் நெட் இருந்தா போதும். சிங்கப்பூர்ல இருந்தாலும் விழும்."

தனலக்ஷ்மியும் கிஷோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காகிதம் இல்லாமல் பிரிண்ட் எப்படி வந்தது என்பது தெரிந்துவிட்டது. தமயந்திக்கு அதனால் லாபம் ஒன்றுமில்லை. அவளுக்கும் அது புரிந்தது.

"அனுப்பினது நான்தான்னு நினைக்கிறீங்க."

"இந்த ஏற்பாட்டைச் செஞ்சது நீயா?"

"இல்ல மேடம், நான் ஜூன்லதான் குழுவுல சேர்ந்தேன். அப்பவே இது இருந்தது. மாஸ்டர் மருமகன் போட்டுக் கொடுத்தாருன்னு சொல்வாங்க."

"அவர் பேரென்ன?"

"தெரியாது. நான் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு. இங்க எல்லாரும் அவரை 'அவரு'ன்னுதான் சொல்வாங்க. பேர் சொல்லி மாஸ்டர் காதுல விழுந்துச்சுன்னா அன்னிக்கு ரிகர்சல் கோவிந்தா."

"ஆதார் கார்டுலயும் 'அவரு'ன்னுதான் போட்டிருக்குமோ?" என்றான் கிஷோர்.

தனலக்ஷ்மி திரையில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். இரண்டே பெயர்கள். மேலே 'கொயர்'. கீழே 'நோயல்'.

"இதுக்கு ரெண்டு பேரா?"

"கொயர்னா எங்க பாடகர் குழு. அதைக் கொடுத்தா அலமாரில இருக்கிற எங்க டேப்லெட் எல்லாத்துக்கும் போகும். நான் எப்பவும் அதைத்தான் அழுத்துவேன். நோயல் கிறிஸ்துமஸ் பாட்டுக்குன்னு தனியா வச்சிருப்பாங்க போல. அதை நான் தொட்டதில்ல. மாஸ்டர்தான் அதுல போடுவாரு."

"சாயங்காலம் ரிகர்சலுக்கு நீ வந்துடு."

"மாஸ்டர் வராதேன்னுட்டாரு மேடம்."

"நான் வரச் சொல்றேன். கதவோரம் நின்னா போதும். பாட்டுப் புஸ்தகம், சாரி, மாத்திரை எடுத்துட்டு வா."

* * *

சில்க் போர்டு ஜங்ஷனில் ஸ்கூட்டர் நின்றபோது கிஷோர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இங்கே நெரிசலில் நின்றால் சீக்கிரம் கிளம்ப முடியாது, அப்படி ஒரு பழக்கம் வந்துவிடும்.

"மேடம், எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணுதான் அனுப்பியிருக்கு. 'அவரு' மேல ஒரு இது."

"பார்க்காத ஆள் மேலயா? பேர்கூடத் தெரியாது."

"அதெல்லாம் நடிப்பு. இல்லேன்னா 'அவரு'தான் வெளியிலிருந்து நூல் விட்டு இழுத்திருக்கார். பிரிண்டரைப் போட்டதே அவர்தானே? மாமா மேல கோபம். பழிக்குப் பழி."

"பழி வாங்கினவன் திருடின பொருளை உடையவன் வாசல்லயே கொண்டுவந்து ஆட்டிக் காட்டுவானா? வீடியோவை அனுப்பினதே அவன்தானே?"

"திமிர் மேடம். சார்தான் சொன்னாரே."

"திமிர் பிடிச்சவன் 'தப்பு இருந்தா திருத்துங்க'ன்னு எழுத மாட்டான் கிஷோர். அது பரீட்சை எழுதின பையன் கேக்கற கேள்வி." தனலக்ஷ்மி முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டாள். "யாரோ மார்க் போடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கான். சிக்னல் விழுந்துடுச்சு, போ."

"இது எனக்கு விழுந்தது இல்ல மேடம், அந்தப் பக்கத்துக்கு. ஸ்வல்ப பொறுங்க."

புனித தெக்லா ஆலயத்தின் ஹாலில் ஒருவன் ஏணிமேல் நின்று காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயது. "யார் வேணும்?" என்று அவன் கேட்டதும் ஏணியே லேசாக அதிர்ந்த மாதிரி இருந்தது, அப்படி ஒரு கனத்த கீழ்க்குரல்.

"சவரிமுத்து சாரோட தங்கச்சி மகன் நீங்கதானே?"

நட்சத்திரம் கையிலிருந்து நழுவியது. கிஷோர் பிடித்துக்கொண்டான். ஆள் இரண்டே எட்டில் கீழே இறங்கிவிட்டான்.

"மாமா அனுப்பினாரா? வீடியோ பார்த்தாரா? இன்னா சொன்னாரு?"

"பார்த்தார்," என்றாள் தனலக்ஷ்மி ஜாக்கிரதையாக.

"சங்கு இடத்துல மூச்சு வாங்கிட்டோம், அதானே? தெரியும் மேடம், அதைத்தான் பிடிப்பாருன்னு தெரியும். உக்காருங்க. குல்குல் சாப்பிடுங்க, எங்கம்மா செஞ்சது." ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினான். சர்க்கரைப் பாகு காய்ந்து மின்னிய குல்குல்கள். கிஷோர் விசாரணையை டப்பாவிலிருந்து ஆரம்பித்தான்.

"அந்தப் பாட்டு உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

அவன் கேள்வியே புரியாதவன் போலப் பார்த்தான். "மாமாதான் அனுப்பினாரு."

"அவரேயா?"

"தினமும்! ஈஸ்டர் பூசையில என் டேப்லெட் சார்ஜ் இறங்கிப் பாதிப் பாட்டுல அணைஞ்சு போச்சு மேடம். நான் நிறுத்தினதும் கீழ்க்குரல் மொத்தமும் நின்னு போச்சு. பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும், 'உன் பலகையைத் தூக்கிட்டு வெளிய போ'ன்னாரு. நானும் வீம்புக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் போன் பண்ணினா எடுக்கல. வீட்டுக்குப் போனா ஜெபத்துல இருக்கேன்னு சொல்லி அனுப்பினாரு. ஒரு வார்த்தை கிடையாது." அவன் டப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போன மாசம் ஒரு நாள் காலையில டிங்னு சத்தம். பார்த்தா அந்தப் பலகையில ஒரு பாட்டு. மோனிக்கா கொயர் கம்ப்யூட்டர்ல இருந்து. அவர் போட்ட பாட்டுன்னு மூணாவது வரியிலயே தெரிஞ்சு போச்சு. அடுத்த நாள் திருத்தி அனுப்பினாரு. அதுக்கு அடுத்த நாள் மறுபடி. பேசறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு மனுஷன் பாட்டா அனுப்புறாருன்னு நினைச்சேன். அவர் அப்படித்தான் மேடம்."

"நீங்க பதில் போடலியா?"

"பிரிண்ட்டுக்கு எப்படி மேடம் பதில் போடுறது? அது ஒரு பக்கமாத்தானே வரும்? பாடித்தான் அனுப்ப முடிஞ்சுது."

கிஷோர் மெல்வதை நிறுத்தியிருந்தான்.

"தம்பி, உங்க பேரை நான் கேக்கவே இல்ல."

"மாமா சொல்லலியா? நோயல். கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பொறந்தேன். மாமாதான் எனக்கு ஞானத் தகப்பன். அவர் வச்ச பேருதான்."

வாய் வரைக்கும் போன குல்குல் அங்கேயே நின்றது. "மேடம்…" என்றான் கிஷோர். "அந்த லிஸ்ட்டு…"

"கிஷோர், வாயில இருக்கிறதை முழுங்கு. வர்ற வார்த்தையையும் சேர்த்து முழுங்கு." ஆனால் தனலக்ஷ்மியாலேயே முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் மேடம் சிரிக்கிறீங்க?" நோயலின் முகம் சுருங்கிவிட்டது.

"வந்து பாருங்க தம்பி. மாமாவோட ரிகர்சல் ஆரம்பிக்கிறதுக்குள்ள போயிடணும். உங்க பலகையை எடுத்துக்குங்க. சார்ஜ் இருக்கா?"

"அந்தத் தப்பை ரெண்டாவது தடவை செய்வேனா?"

* * *

பாடல் அறை நிறைந்திருந்தது. கதவோரம் தமயந்தி நின்றிருந்தாள், டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. சவரிமுத்து அவளைப் பார்க்காமல் சுவரில் இருந்த மாதாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். நம்ம பாட்டைத் திருடி…"

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் தனலக்ஷ்மி உள்ளே வந்தபடி.

"ஆதாரம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. வெளிய நிக்குது. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். நீங்க தினம் பாட்டைப் பத்திரமா வைப்பீங்களே, அதை ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

"இதுல இன்னா இருக்குது?" அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கினார். ஒரே விரலால், கோழி நெல் பொறுக்குகிற மாதிரி அழுத்தினார். "பாட்டு திறந்தாச்சா? பிரிண்ட். எதுலன்னு கேக்குதா? கிறிஸ்துமஸ் பாட்டு. அதனால நோயல். முடிஞ்சுது. காகிதம் வந்துதா பாரு! வரல. பத்திரமா உள்ள போயிடுச்சு."

"எதுக்கு உள்ள?"

"கம்ப்யூட்டருக்கு உள்ளதான்."

மூடிய கதவுக்கு வெளியே, 'டிங்' என்றது.

சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். "அது இன்னா சத்தம்?"

"மறுபடி ஒரு தடவை போட்டு வைங்க சார்."

அழுத்தினார். 'டிங்.'

பெண்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். தமயந்தியின் கண்கள் பட்டியலுக்குப் போயின, கதவுக்குப் போயின, மறுபடி பட்டியலுக்கு வந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவு திறந்தது. கையில் டேப்லெட்டோடு நோயல் நின்றான். "மாமா, ஒரே பக்கம் ரெண்டு தடவை வந்திருக்கு. ஏதாச்சும் திருத்தமா?"

சவரிமுத்து திரையில் இருந்த பெயரைப் பார்த்தார். வாசலில் நின்ற ஆளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை இரண்டையும் பார்த்தார்.

"இந்த ஏற்பாட்டைச் செஞ்சப்போ முதல்ல தன்னோட டேப்லெட்லதான் போட்டுப் பார்த்திருக்கார்," என்றாள் தனலக்ஷ்மி. "அந்தப் பேர் அப்படியே லிஸ்ட்ல தங்கிடுச்சு. அதை யாரும் இங்க உச்சரிக்கக் கூடாது. அதனால அது ஒரு ஆளோட பேருங்கறது உங்களுக்கே மறந்துபோச்சு. புதுசா வந்த தமயந்திக்குத் தெரியவும் வழியில்ல."

"வாய்க்குப் பூட்டுப் போட்டீங்க சார்," என்றான் கிஷோர். "விரலுக்குப் போட மறந்துட்டீங்க."

சவரிமுத்து மெதுவாக எழுந்தார். முதலில் கதவோரம்தான் போனார். "எல்லார் முன்னாடியும் சொல்றதா இருந்தேன். சொல்லிடறேன். நம்ம பாட்டை வெளிய விட்டது சவரிமுத்து. நான்தான். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. தமயந்தி, நான் உன்னைத் திருடின்னு நினைச்சேன். வெளியிலயும் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கம்மா."

தமயந்தி கொஞ்சம் காக்க வைத்தாள். அது அவளுக்கு உரிமை. பிறகு கேட்டாள்: "பாட்டை வெளிய விட்டவங்களைக் குழுவுல இருந்து அனுப்பிடறதுதானே மாஸ்டர் வழக்கம்?"

அறை மொத்தமும் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார், பாதி அழுகையோடு. "ஞாயித்துக்கிழமை உங்கம்மாவை முதல் வரிசையில உக்கார வை. நான் போய் ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வர்றேன்."

நோயல் மட்டும் சிரிக்கவில்லை. டேப்லெட்டைப் பார்த்தபடி நின்றான். அந்தக் கனத்த குரல் சின்னதாக வந்தது. "அப்போ… நீ எனக்கு அனுப்பலியா மாமா?"

சவரிமுத்து நடுவில் கிடந்த ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்தார். அதைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"தெரிஞ்சு அனுப்பல," என்றார். "ஆனா தெரியாம கொடுத்ததைத் திருப்பிக் கேக்கவும் மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "சங்கு இடத்துல மூச்சு வாங்கினீங்க. ஏன்?"

"ஆள் பத்தல மாமா. எங்ககிட்ட கீழ்க்குரல் நாலே பேரு."

"எங்ககிட்டயும் நீ போனதுல இருந்து ஓட்டைதான்."

"ரெண்டையும் சேர்த்தா?" என்றாள் தமயந்தி. "ரெண்டு குழுவும் ஒரே குழுவா நின்னு பாடினா சங்கு நிஜமாவே சங்கு மாதிரி கேக்கும் மாஸ்டர். போட்டி நடத்துறவங்ககிட்ட நான் பேசறேன். எங்க ஹாஸ்டல்ல இருந்து தெக்லா ஹால் ரெண்டு தெருதான். எப்படியும் நான் அங்க போய்ப் பாட்டைக் கொடுத்தேன்னு பேராயிடுச்சு. இனிமே நிஜமாவே கொடுக்கிறேன்."

கீழ்க்குரல் வரிசையில் நடுவில் ஒரு நாற்காலி ரொம்ப நாளாகக் காலியாக இருந்தது. யாரும் சொல்லாமலே அந்த வரிசை கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டது. நோயல் போய் உட்கார்ந்தான். மாஸ்டர் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் மாஸ்டர்," என்றாள் தமயந்தி கம்ப்யூட்டர் முன்னால் இருந்து. "இந்த லிஸ்ட்ல ரெண்டாவது பேரை எடுத்துடட்டுமா? மறுபடி தப்பாப் போயிடும்."

"எடுக்காதே."

"எதை எடுக்க வேண்டாம் மாஸ்டர்?"

"அதான்… அதை."

"எதுன்னு சொன்னாதானே எனக்குத் தெரியும்?" அவள் முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை. அதுதான் விசேஷம்.

மாஸ்டரின் கை மேலேயே நின்றது. அறை முழுக்க அவர் வாயைப் பார்த்தது. அவர் ஒரு தடவை செருமினார், இரண்டாவது தடவையும் செருமினார்.

"நோயல்."

"பண்டிகையா சார், ஆளா?" என்றான் கிஷோர் பின்னாலிருந்து.

"ஆளுதான்யா! என் தங்கச்சி மவன் நோயல்! போதுமா?"

"சொல்லு மாமா," என்றது கீழ்க்குரல் வரிசையின் நடுவிலிருந்து.

கிஷோர் தனலக்ஷ்மியின் காதோரம் குனிந்தான். "பிரிண்ட் ஆயிடுச்சு மேடம்."